லாவெண்டர் சில்கி வளர்க்க ஆசையா? முதல் சோடி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பினாங்கு நிபோங் திபாலில் எங்கள் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்குப் பின்னால் இப்போது ஏழு லாவெண்டர் சில்கிகள் மேய்கின்றன. சில்கி என்பது பஞ்சு போன்ற தூவியுள்ள கோழியினம், லாவெண்டர் அதில் ஒரு நிறம். இந்த ஏழு கோழிக்கு வந்து சேர எனக்கு மூன்று வருடம் ஆனது. முறையாகச் செய்திருந்தால் ஒன்றேகால் வருடத்தில் முடிந்திருக்கும். மிச்ச நாளும் அதில் கரைந்த காசும் ஒரே காரணத்தால் போனவை. குஞ்சுக்கு அப்பா யார் என்று எனக்குத் தெரியவில்லை.

லாவெண்டர் என்றதும் ஊதா நிறத்தை நினைக்க வேண்டாம். விபூதியை விரலில் தொட்டுக் கோழி முழுக்க ஒரே சீராகத் தடவினால் எப்படி இருக்கும், அந்த வெளிர் சாம்பல். எந்த அரிய நிறத்துக்குப் போனாலும் வேலை ஏறக்குறைய இதேதான். அதனால் லாவெண்டரை முன்னால் வைத்தே எழுதுகிறேன். செய்ய வேண்டிய வரிசையிலேயே போகலாம்.

1. கோழிக்கு முன்னால் நிலத்தைப் பாருங்கள்

வீட்டுக் கிரானை (நிலப் பட்டாவை) எடுத்து நில வகை என்ன என்று பாருங்கள். கட்டட நிலமா, விவசாய நிலமா என்று அதிலேயே இருக்கும். தாமான் (நெருக்கமான குடியிருப்பு) வீட்டுப் பின்புறத்தில் பத்துப் பதினைந்து கோழி என்றால், பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்ளும் நாள் வரைதான் ஓடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தொடங்கவே வேண்டாம். உறவினர் யாருக்காவது கம்பத்திலோ தோட்டப் பக்கத்திலோ இடம் இருந்தால் அங்கே பேசிப் பாருங்கள்.

தீவில் இருந்தால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் இருந்தால் செபராங் பிறை மாநகர் மன்றம். நேரில் போய்க் கேளுங்கள். "கோழி வளர்க்கலாமா?" என்று வாயால் மட்டும் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எத்தனை பெட்டை, எத்தனை சேவல், கூண்டு எங்கே, பக்கத்துச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். கடிதமாகக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு புகார் என்று யாராவது வந்தால் அந்த நகல்தான் பேசும்.

அடுத்து உங்கள் மாவட்டக் கால்நடை அலுவலகம். ஐசி (அடையாள அட்டை) நகல், நில வரி ரசீது, கூண்டின் படம் இரண்டு, இவற்றை எடுத்துப் போனேன். தடுப்பூசி எங்கே கிடைக்கும், மாநிலம் விட்டு மாநிலம் கோழி ஏற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நாளில் ஒரு காலை முழுக்க ஒதுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. பினாங்கிலிருந்து தாய்லாந்து எல்லை பக்கம்தான். "போய் வரும்போது முட்டை கொண்டு வந்து தருகிறேன்" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். மறுத்துவிடுங்கள். இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டுக் கால்நடைத் துறை தரும் நலச் சான்றிதழும் இல்லாமல் அடை முட்டையோ குஞ்சோ எல்லை தாண்டி வரக்கூடாது. சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். பறவைக் காய்ச்சல் உங்கள் கூண்டோடு நிற்காது, கம்பத்தில் உள்ள எல்லார் கோழியையும் கொண்டுபோய்விடும்.

2. நிறக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனதற்கு விலை என் முதல் வருடம்.

ஒவ்வொரு நிறக் குணத்துக்கும் கோழிக்குள் இரண்டு நகல் இருக்கும். ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரே ஒரு நகல் இருந்தாலே வெளியே தெரிந்தால் அது ஓங்கு குணம். இரண்டும் சேர்ந்தால்தான் தெரியும் என்றால் ஒடுங்கு குணம். ஒடுங்கு குணத்தில் ஒரு நகல் மட்டும் இருக்கும் கோழி அதை மறைவாகச் சுமக்கும். பார்த்தால் தெரியாது, பிள்ளைக்குப் போகும்.

லாவெண்டர் ஒடுங்கு குணம். லாவெண்டர் சேவலைச் சுத்தமான கறுப்புக் கோழியோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சும் கறுப்பாகத்தான் பிறக்கும். ஒன்றுகூடச் சாம்பலாக இருக்காது. ஆனால் அத்தனையும் லாவெண்டரைச் சுமக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று லாவெண்டர். சுமக்கும் ஒன்றை லாவெண்டரோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி.

இதே சாம்பல் சாயலில் இன்னொரு நிறம் உண்டு. 'புளூ' என்பார்கள். பெயர்தான் நீலம், பார்க்க ஈயச் சாம்பல். இதன் கணக்கே வேறு. ஒரு நகல் இருந்தால் புளூ, இரண்டு இருந்தால் வெளிறிய உடலில் மை தெளித்தது போன்ற 'ஸ்பிளாஷ்', ஒன்றும் இல்லாவிட்டால் கறுப்பு. புளூவையும் புளூவையும் சேர்த்தால் நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு புளூ, ஒன்று ஸ்பிளாஷ். புளூவையும் கறுப்பையும் சேர்த்தால் பாதிப் பாதி. ஸ்பிளாஷையும் கறுப்பையும் சேர்த்தால் எல்லாமே புளூ. முழுக்க புளூ வேண்டும் என்பவர்கள் இந்தக் கடைசிச் சோடியைத்தான் வைக்க வேண்டும். இரண்டு புளூவை வைத்துக்கொண்டு ஏன் கறுப்பு வருகிறது என்று கேட்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இதிலிருந்து ஒன்று தெரியும். கறுப்புக் கோழிக்குள் புளூ ஒளிந்திருக்க முடியாது, லாவெண்டர் ஒளிந்திருக்க முடியும். வெள்ளைக் கோழியை இந்த வேலைக்குள் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சில்கியின் வெள்ளை பெரும்பாலும் ஒடுங்கு வெள்ளை. அது எல்லா நிறத்தையும் மூடி வைக்கும் போர்வை. அடியில் என்ன இருக்கிறது என்று பேரக்குஞ்சு பிறந்த பிறகுதான் தெரியும்.

சாக்லேட் நிறத்தில் ஆசை இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோழியினத்தில் சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். சாக்லேட் ஒடுங்கு குணம், அந்த இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டைக்கு இதில் ஒரே நகல்தான், அதை மறைக்க இன்னொன்று இல்லாததால் அந்த ஒன்றே வெளியே தெரியும். அதனால் சாக்லேட் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைகள் எல்லாம் சாக்லேட், சேவல்கள் எல்லாம் கறுப்பு. பொரித்த அன்றே ஆண், பெண் பிரித்துவிடலாம். மாற்றிச் சேர்த்தால், அதாவது கறுப்புச் சேவல், சாக்லேட் பெட்டை என்றால், குஞ்சு முழுக்கக் கறுப்பு. ஆண்குஞ்சு மட்டும் மறைவாகச் சுமக்கும். 'டன்' என்று இன்னொரு பழுப்பு நிறம் இருக்கிறது. அதையும் சாக்லேட் என்று விற்கிறார்கள். டன் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் ஆண், பெண் இரண்டிலும் பாதிப் பாதி பழுப்பு வரும். அந்த ஒரு பொரிப்பிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

சேவலைக் காகம், கீரி, மயில் என்று தூவி நிறம் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அழகான பெயர்கள். ஆனால் அவை வெளியே தெரிவதை மட்டும்தான் சொல்லும். சோடி சேர்ப்பதற்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டும்.

3. வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள்

நான் முதலில் 380 ரிங்கிட் கொடுத்து ஒரு சேவலை வாங்கினேன். "அண்ணே, இது பக்கா லாவெண்டர்" என்றார் விற்றவர். கறுப்புப் பெட்டைகளோடு விட்டேன். பதினொரு குஞ்சு பொரித்தது, அதில் ஆறு சாம்பல். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சாம்பல் குஞ்சுகளை வளர்த்து, அவற்றுக்குள்ளேயே சோடி சேர்த்தேன். கறுப்பு வந்தது, சாம்பல் வந்தது, வெள்ளையில் மை தெளித்தது போல இரண்டு வந்தன. அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அன்றுதான் கணக்கைத் தேடிப் படித்தேன். சேவல் லாவெண்டரே இல்லை, புளூ. முதல் பொரிப்பில் ஆறு சாம்பல் வந்தபோதே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எப்படி அடையாளம் காண்பது? நிழலில் வேண்டாம், வெயிலில் வைத்துப் பாருங்கள். சேவலின் கழுத்துத் தூவியும் முதுகும் உடம்பை விடக் கருத்திருந்தால் புளூ. கழுத்திலிருந்து வால் வரை ஒரே வெளிறலாக இருந்தால் லாவெண்டர். அப்புறம் கழுத்துத் தூவியை விரலால் பிரித்துப் பாருங்கள். பல கோழிகளில் அங்கே கொஞ்சம் பொன்னிறம் கசிந்திருக்கும். புளூ கறுப்பை மட்டும்தான் வெளிறச் செய்யும், பொன்னிறத்தைத் தொடாது. அதனால் கசிவு பளிச்சென்ற பொன்னாக இருக்கும். லாவெண்டர் இரண்டையும் வெளிறச் செய்யும். கசிவு காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இதன் அப்பா, அம்மா இரண்டையும் நேரில் காட்ட முடியுமா? கூடப் பிறந்தவை என்னென்ன நிறம்? எந்த மாதம் பொரித்தது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கோழிக்கு நிறக் கோழி விலை கொடுக்காதீர்கள். பதில் இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்குங்கள், பெற்றோர் படத்தோடு. பணம் கொடுத்த ரசீதும் அதிலேயே இருக்கட்டும். இந்த வேலையில் உங்களுக்கு இருக்கப்போகும் முதல் ஆவணம் அதுதான்.

மூன்று மாதக் குஞ்சை அழகு பார்த்து வாங்காதீர்கள். குஞ்சுத் தூவி உதிர்ந்து, இளந்தூவி வந்து, பிறகுதான் நிலைத்த தூவி வரும். ஐந்து, ஆறு மாதம் ஆன பிறகே நிறத்தை நம்பலாம்.

கறுப்புப் பெட்டை மூன்று போதும். பச்சைப் பளபளப்போடு, தூவி அடர்ந்து, கசிவு இல்லாதவையாகப் பாருங்கள். சேவலின் உடன்பிறப்புகளாக இருக்கக் கூடாது. வேறு ஆளிடம் வாங்குவது நல்லது. நான் ஒன்று 80 ரிங்கிட்டுக்கு புக்கிட் மெர்தாஜம் பக்கம் வாங்கினேன். உண்மையான லாவெண்டர் சேவல், இரண்டாவது முறை, 350 ரிங்கிட்.

4. நான்கு வாரம் சேவலே இல்லாமல் வையுங்கள்

என் இரண்டாவது வருடம் போனது இங்கேதான்.

உண்மையான லாவெண்டர் சேவல் வந்த அன்றே பழைய புளூ சேவலை எடுத்துவிட்டு இதை விட்டேன். பத்து நாள் கழித்து முட்டை சேர்த்து அடை வைத்தேன். பன்னிரண்டு குஞ்சு. எல்லாம் கறுப்பாக வர வேண்டும். நான்கு சாம்பலாக வந்தது. பெட்டையின் உடம்புக்குள் சேவலின் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். அந்த நான்கும் பழைய சேவலின் பிள்ளைகள். சரி, நான்கை ஒதுக்கிவிடலாம். மிச்ச எட்டுக் கறுப்பு? புளூ சேவலுக்கும் பாதிக் குஞ்சு கறுப்பாகத்தானே பிறக்கும். எது யாருடையது என்று சொல்ல வழியே இல்லை. ஐந்து மாதம் தீனி போட்டு வளர்த்தபின் எட்டையும் கொடுத்துவிட்டேன்.

அதனால் வாங்கி வந்த பெட்டைகளை நான்கு வாரம் தனியாக வையுங்கள். புதுக் கோழியை நோய்க்காகத் தனியே வைக்க வேண்டிய காலமும் ஏறக்குறைய அதேதான். ஒரே காத்திருப்பில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். பழைய கூட்டத்திலிருந்து கூண்டு தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டி, தீனித் தட்டு, உங்கள் செருப்பு, எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது.

விந்து போய்விட்டதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து அவை இடும் முட்டையைச் சமையலுக்கு உடைக்கும்போது ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாக ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் மிளகில் பாதி அளவுக்கு ஒரு வெண்புள்ளி இருக்கும். கருக்கட்டிய முட்டையில் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொரு மெல்லிய வட்டம் என்று வளையமாகத் தெரியும். கருக்கட்டாத முட்டையில் வளையம் இருக்காது, ஓரம் ஒழுங்கில்லாத ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு மட்டும் இருக்கும். தொடர்ந்து ஐந்தாறு முட்டையில் வளையம் இல்லை என்றால் பெட்டை சுத்தம். இப்போது சேவலை விடலாம். என் அம்மா இப்போது இதை என்னை விட வேகமாகப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தடுப்பூசியையும் இந்த நாட்களில் முடித்துவிடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு, இங்கே 'சம்பார்' என்பார்கள், கண்டிப்பாகப் போட வேண்டும். கொசு அதிகம் உள்ள இடம் என்றால் அம்மைக்கும் போடுங்கள். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும். கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்க முடியாது. கம்பத்தில் கோழி வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் செலவும் பங்காகும், சுற்றிலும் நோயும் குறையும்.

5. கூண்டு, வளையம், நோட்டுப் புத்தகம்

ஒரு சேவல், மூன்று பெட்டை, ஒரு கூண்டு. வேறு சேவல் வேலி தாண்டி வர முடியாதபடி மேலேயும் மூடியிருக்க வேண்டும். கம்பத்துக் கோழிச் சேவல் எங்கிருந்தாவது வந்துவிடும். கம்பிவலை அரை அங்குலக் கண்ணில், பற்றவைத்த வகையாக வாங்குங்கள். மெல்லிய அறுகோண வலையை மூசாங் (மரநாய்) ஒரே இரவில் பிய்த்துவிடும். உடும்பும் மலைப்பாம்பும் செபராங் பிறையில் எங்கேயும் உண்டு. சில்கிக்குப் பறக்கவும் தெரியாது. இரண்டு கூண்டுக்கு மரம், வலை, கூரைத் தகடு எல்லாம் சேர்த்து எனக்கு 420 ரிங்கிட் ஆனது. வேலை நானே செய்தேன்.

சில்கியின் தூவி தண்ணீரைத் தடுக்காது. நனைந்தால் பஞ்சு நனைந்தது போலத்தான், நடுங்கிச் செத்துப்போகும். தரையை உயர்த்தி, கூரையை நன்றாக நீட்டி விடுங்கள். இன்னொன்று, சில்கிக்குப் பின்பக்கம் தூவி அடர்த்தி. அதனாலேயே முட்டை கருக்கட்டாமல் கூமுட்டையாகும். சேவல், பெட்டை இரண்டுக்கும் அந்த இடத்தில் கத்தரியால் தூவியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

கால் வளையம் நூறு எனக்கு 12 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு நிறம். குஞ்சுக்குச் சின்ன வளையம் போட்டால் வாரத்துக்கு ஒரு முறை பார்த்துப் பெரிதாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலை இறுக்கி வீங்கிவிடும். இதை மறந்து ஒரு நல்ல விடையின் (இளம் பெட்டையின்) கால் போனது. அந்தக் கோழி நொண்டி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை. ஞாயிறு காலை வளையம் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது? முட்டையிட்ட தேதி, எந்தக் கூண்டு, அடை வைத்த தேதி, பொரித்த தேதி, எத்தனை, என்ன நிறம், வளைய எண், அப்பா எண், அம்மா எண். முட்டையின் மேலேயே பென்சிலால் கூண்டு எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். பேனா மை ஓட்டுக்குள் இறங்கும். கைப்பேசியில் மட்டும் எழுதி வைத்து, அந்தக் கைப்பேசி தண்ணீரில் விழுந்து எல்லாம் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். தாளில் எழுதுங்கள், பிறகு படம் எடுத்து வையுங்கள்.

6. அடை வைத்தல்: நம் ஊர் ஈரத்தை மறக்காதீர்கள்

சில்கி நல்ல அடைக்கோழி. ஆனால் நிற வேலைக்கு இன்குபேட்டரே வசதி. பெட்டையை அடையில் உட்கார விடாமல் தொடர்ந்து முட்டை வாங்கலாம். 56 முட்டை வகை எனக்கு 230 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. அதோடு வரும் வெப்பமானியை நம்ப வேண்டாம். தனியாக ஒரு வெப்பமானி, ஈரமானி வாங்கி உள்ளே வையுங்கள். காற்றாடி உள்ள இயந்திரம் என்றால் 37.5 டிகிரி. அரை டிகிரி கூடினாலும் குஞ்சு கெடலாம்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து முதல் நாளே தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல் 18 நாள் ஈரம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் போதும். பினாங்குக் காற்றே ஈரம் நிறைந்தது. என் வீட்டில் பெரும்பாலான நாள் தண்ணீரே ஊற்றாமல் அந்த அளவு நிற்கிறது. ஈரம் அதிகமானால் முட்டைக்குள் இருக்கும் நீர் போதிய அளவு வற்றாது. முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டை உடைக்கும் நேரத்தில் மூச்சு முட்டிச் சாகும். என் முதல் பொரிப்பில் ஒன்பது குஞ்சு அப்படிப் போனது. 18ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி, அப்போது தண்ணீர் ஊற்றி ஈரத்தை 65, 70க்குக் கொண்டு வாருங்கள். 21ஆம் நாள் பொரிக்கும். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது.

அடை வைக்க முட்டை சேர்க்கும்போது இன்னொரு பொறி. நம் வீட்டுச் சமையலறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஏர்கான் உள்ள அறையில், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, ஏழு நாளுக்குள் அடை வையுங்கள். ஏர்கான் இல்லை என்றால் மூன்று, நான்கு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். கூரியரில் வந்த முட்டையை வந்த உடனே அடை வைக்காமல் ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருங்கள். அப்படியும் பாதி பொரித்தால் சந்தோஷப்படுங்கள்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நரம்பு ஓடுவது தெரியும். தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால், குஞ்சு டிசம்பர் கடைசியில், ஜனவரியில் வெளியே வரும்படி பாருங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல மழை. ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். குஞ்சுக்கு ஈரத் தரைதான் எமன். இரத்தக்கழிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

7. குஞ்சை எண்ணுங்கள், பொறுமையாக

முதல் தலைமுறை எல்லாம் கறுப்பு. யாராவது வந்து பார்த்து "இதுக்கா இவ்வளவு செலவு?" என்பார்கள். கவலை வேண்டாம், கணக்குப்படி அப்படித்தான் வர வேண்டும். இதில் ஒரே ஒரு சாம்பல் குஞ்சு வந்தாலும் நிறுத்தி யோசியுங்கள். சேவல் புளூவாக இருக்க வேண்டும், அல்லது வேறு சேவல் உள்ளே வந்திருக்க வேண்டும், அல்லது அந்தக் கறுப்புப் பெட்டை ஏற்கெனவே லாவெண்டரைச் சுமந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மட்டும் நல்ல செய்தி.

ஆறு, ஏழு மாதத்தில் இவை வளர்ந்து முட்டையிடும். இப்போது இரண்டு வழி. விடைகளை அப்பாவான லாவெண்டர் சேவலோடு சேர்த்தால் பாதிக் குஞ்சு லாவெண்டர். சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அப்பா, மகள் உறவு. ஒரு முறைக்கு மேல் வேண்டாம். வெவ்வேறு தாய்க்குப் பிறந்தவற்றைச் சோடி சேர்த்தால் நான்கில் ஒன்று. நான் இரண்டாவது வழியில் போனேன்.

நான்கில் ஒன்று என்றால் நான்கு முட்டை வைத்தால் ஒன்று நிச்சயம் என்று அர்த்தம் இல்லை. எட்டுக் குஞ்சு பொரித்தும் ஒன்றுகூட லாவெண்டர் வராமல் போக நூற்றுக்குப் பத்து வாய்ப்பு இருக்கிறது. பதினாறு பொரித்தால் அந்த வாய்ப்பு நூற்றில் ஒன்றாகக் குறைகிறது. அதனால் இருபது குஞ்சாவது எடுக்கத் திட்டமிடுங்கள். அதற்கு முன்னால் "வரவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். கறுப்புக் குஞ்சுகளுக்கு நடுவில் லாவெண்டர் குஞ்சு வெளிறிய சாம்பலாகப் பொரித்த அன்றே தனியாகத் தெரியும். எனக்கு 22 குஞ்சில் ஐந்து வந்தது.

8. மிச்சக் குஞ்சுகளுக்கு முன்பே வழி பாருங்கள்

22 குஞ்சில் ஐந்து போக மிச்சம் 17, அதில் பாதிக்கு மேல் சேவல். இதை முட்டை வைக்கும் முன்பே யோசிக்காவிட்டால் நான்காம் மாதம் விடிகாலை நான்கரைக்கு எட்டுச் சேவல் கூவும், மாநகர் மன்றத்துக்குப் புகார் போகும். மூன்று மாதத்திலேயே சேவலைப் பிரித்துக் குறைத்துவிடுங்கள். வைத்திருக்கும் சேவலை இரவில் கூரை தாழ்ந்த, இருட்டான, ஆனால் காற்றோட்டமுள்ள பெட்டியில் அடைத்தால் கூவல் குறையும்.

கறுப்புச் சில்கிக்கு இங்கே எப்போதும் கிராக்கி உண்டு. கருந்தோல், கருங்கறி என்பதால் மூலிகைச் சூப்புக்குச் சீனக் குடும்பங்கள் தேடி வாங்குவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதம் இரண்டு எடுத்துக்கொள்கிறார். தீபாவளிக்கும் முனியாண்டி பூசைக்கும் சேவல் கேட்டு ஆள் வரும். ஆனால் சண்டைக்கு என்று தெரிந்தால் கொடுக்காதீர்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சேவல் சண்டையைத் தடுக்கிறது.

வளர்க்கக் கேட்பவர்களுக்குக் கறுப்பு விடையைக் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். இந்தத் தலைமுறைக் கறுப்பில் மூன்றில் இரண்டு லாவெண்டரைச் சுமக்கும், எது என்று தெரியாது. "கட்டாயம் சுமக்கிறது" என்று சொல்லி விலையேற்றி விற்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சொல்லப்பட்டு வாங்கியிருக்கிறேன். அப்பா, அம்மா யார் என்று தாளில் எழுதி, கோழியோடு கொடுங்கள்.

9. மொத்தச் செலவும் நாளும்

சேவல் 350, பெட்டை மூன்று 240, கூண்டு 420, இன்குபேட்டர் 230, வெப்பமானி, ஈரமானி, வளையம் 60, மருந்தும் தடுப்பூசியும் 100. ஆக 1,400 ரிங்கிட். எல்லாரும் இதைத்தான் கணக்கிடுகிறார்கள். தீனியை மறந்துவிடுகிறார்கள். சராசரியாக இருபது கோழி, ஒன்றுக்கு நாளுக்கு 80 கிராம், மாதம் 48 கிலோ. கிலோ 2.50 என்றால் மாதம் 120 ரிங்கிட், பதினைந்து மாதத்துக்கு 1,800. தொடக்கச் செலவை விடத் தீனிதான் அதிகம். கையில் 3,200 ரிங்கிட் இல்லாமல் தொடங்கினால் நடுவில் நல்ல கோழியை விற்க வேண்டி வரும்.

நாள் கணக்கு: தனிமை நான்கு வாரம், முட்டை சேர்க்க ஒரு வாரம், அடை மூன்று வாரம், வளர்ப்பு ஆறரை மாதம், மறுபடி முட்டை ஒரு வாரம், அடை மூன்று வாரம். முதல் லாவெண்டர் குஞ்சைக் கையில் எடுக்க ஒன்பதரை மாதம். அது வளர்ந்து முழுக் கோழியாக இன்னும் ஆறு மாதம்.

10. லாவெண்டர் வந்த பிறகு

இரண்டு லாவெண்டரைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் லாவெண்டர். அதனால் அதிலேயே ஓட்டத் தோன்றும். ஒன்று, இரண்டு தலைமுறைக்கு மேல் ஓட்டாதீர்கள். லாவெண்டரோடு தூவி நலிவும் சேர்ந்து வரும். இறகு மெதுவாக வளரும், வால் முனையும் இறக்கை முனையும் நைந்த துணி போலப் பிரிந்து நிற்கும். அதைக் கண்டதும் தூவி நன்றாக உள்ள கறுப்பைக் கொண்டு வந்து மறுபடி சேர்க்க வேண்டும். மறுபடி எல்லாம் கறுப்பு, மறுபடி ஒன்பதரை மாதம்.

என் ஏழில் இரண்டு பெட்டைக்கு வால் நுனி நைய ஆரம்பித்திருக்கிறது. அவற்றை லாவெண்டர் சேவலிடமிருந்து பிரித்துப் பதினோரு நாள் ஆகிறது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வாங்கி வந்த கறுப்புச் சேவல் இன்னொரு மூலையில் தனியாக இருக்கிறது. இன்று காலை அம்மா உடைத்த முட்டையில் வளையம் இன்னும் தெரிந்தது.